கீழாநெல்லியும் நம்ம கல்லீரலும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "மூலிகையும் ஆரோக்கியமும்". அது பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு மூலிகையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கீழாநெல்லி. அதுக்குக் காரணம் உங்களுக்கே தெரியும். போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நாலைந்து குழு சேர்ந்து கீழாநெல்லியை நிழலில் காயவைத்துப் பொடி பண்ணி, பாக்கெட் போட்டு, கண்காட்சியில் விற்கலாம் என்றார்கள். நம்ம வரப்பில் சும்மா முளைச்சுக் கிடக்கிற செடி, முதலீடு கம்மி, லாபம் உண்டு. அதில் எனக்கும் சந்தோஷம்தான். பாக்கெட் மேலே "மஞ்சள் காமாலையைக் குணமாக்கும்" என்று அச்சடிக்கலாம் என்றும் சொன்னார்கள். அந்த வரி உண்மைதானா என்று விசாரித்து வந்து சொல்லும் பொறுப்பைத் தலைவி அக்கா என்கிட்ட கொடுத்தார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷில் இருக்கிற ஆராய்ச்சியை நானே படித்துப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்த மருத்துவப் பிரிவு டாக்டரையும், பொது மருத்துவம் பார்க்கிற டாக்டரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தேன். ரெண்டு பேருமே பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார்கள். ரெண்டு பேர் சொன்னதும் முக்கியமான இடத்தில் ஒத்துப்போனது. அதைத்தான் இப்போ சொல்லப்போறேன்.

முதல்ல கல்லீரல் என்ன வேலை செய்யுது என்று பார்ப்போம். நம்ம ரத்தத்தில் இருக்கிற சிவப்பு அணுக்களுக்கு ஆயுள் சுமார் 120 நாள். பழைய அணு உடையும்போது அதிலிருந்து பிலிரூபின் என்று ஒரு மஞ்சள் பொருள் வருது. கல்லீரல் அதை எடுத்து, பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புது. மலத்துக்கு நிறம் வருவதே அதனாலதான். கல்லீரல் சோர்ந்துபோனாலோ, பித்தம் போற வழி அடைச்சுக்கிட்டாலோ, அந்த மஞ்சள் ரத்தத்திலேயே தேங்கிடுது. ரத்தத்தில் அது சாதாரணமாக சுமார் 1 மில்லிகிராம் அளவுக்குள் இருக்கும். இரண்டு, மூன்று என்று ஏறும்போதுதான் நம்ம கண்ணுக்கு மஞ்சள் தெரியுது.

அப்போ மஞ்சள் காமாலை என்பது ஒரே வியாதி இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஒரு அறிகுறி. காய்ச்சல் டெங்குவிலும் வரும், சளியிலும் வரும். அதே மாதிரி மஞ்சள், கெட்ட தண்ணீரால் வருகிற ஏ, இ வைரஸாலும் வரும். ரத்தம் வழியா பரவுகிற பி, சி வைரஸாலும் வரும். சாராயத்தாலும் வரும். பித்தப்பைக் கல் அடைச்சாலும் வரும். எலிக்காய்ச்சலிலும் வரும். மாத்திரையை அளவு மீறிச் சாப்பிட்டாலும் வரும். பிறந்த குழந்தைக்கும் வரும். இத்தனை காரணத்துக்கும் ஒரே செடி மருந்தாக இருக்க முடியுமா என்று நாமே யோசிச்சுப் பார்க்கலாம்.

"அப்படின்னா எங்க வீட்ல கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலந்து குடுத்தோமே, சரியாச்சே" என்று இங்கே பாதிப் பேர் கேட்பீங்க. எங்க வீட்டிலும் அப்படித்தான் கொடுத்திருக்காங்க, சரியாகியிருக்கு. நான் இல்லைங்கல. இதே கேள்வியை டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் சொன்னது இதுதான். நம்ம ஊர்களில் சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற காமாலையில் பெரும்பாலானது ஏ வைரஸால் வருவது. அது ஓய்வு எடுத்து, நல்லா சாப்பிட்டு, தண்ணீர் குடிச்சாலே சில வாரங்களில் தானா இறங்கிடும். பி வைரஸ்கூட, பெரியவங்களுக்குப் புதுசா தொத்தினா நூற்றில் 90 பேருக்கு மேல் உடம்பே விரட்டிடும். அந்த நாட்களில் நாம கீழாநெல்லி கொடுத்திருந்தா பேர் கீழாநெல்லிக்குப் போகும். மந்திரிச்சிருந்தா பேர் மந்திரிச்சவருக்குப் போகும்.

இது நமக்குப் புரியாத கணக்கு இல்லை. நம்ம குழுவில் கறவை மாட்டுக் கடன் வாங்காதவங்க யாரு? ஒருத்தர் வந்து "இந்தப் பொடியைத் தீவனத்துல போடு, ஒரு லிட்டர் கூடும்" என்கிறார். போட்டோம், கூடிடுச்சு. ஆனா அந்த வாரம்தான் மழை பெய்து பச்சைப்புல் முளைச்சிருந்தா? பொடியால் கூடிச்சா, புல்லால் கூடிச்சா? தெரியணும்னா என்ன செய்யணும்? ஒரே மாதிரி மாடுகளை ரெண்டு பங்காப் பிரிச்சு, ஒரு பங்குக்குப் பொடி போட்டு, இன்னொரு பங்குக்கு அதே நிறத்தில் வெறும் தவிட்டைப் போட்டு, ரெண்டையும் ஒரே புல்லில் மேயவிட்டு, பால் அளக்கணும். கறக்கிறவருக்கும் எது எந்த மாடு என்று தெரியக்கூடாது. மருந்து ஆராய்ச்சியிலும் இதைத்தான் செய்றாங்க. ஒரு பங்கு ஆட்களுக்கு மருந்து, இன்னொரு பங்குக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை.

கீழாநெல்லியை இப்படிச் சோதிச்சுப் பார்த்திருக்காங்களா? பார்த்திருக்காங்க. அதுவும் நம்ம சென்னையில்தான் பெரிய சோதனை நடந்தது. இதைக் கேட்டப்போ எனக்குப் பெருமையா இருந்தது.

கீழாநெல்லிக்கு விஞ்ஞானப் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்றால் கசப்பு. நம்ம பெருநெல்லியும் இதே பில்லாந்தஸ் குடும்பம்தான். கீழாநெல்லி இலையில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்று ரெண்டு பொருள் இருக்குது. 1985இல் எலியின் கல்லீரல் அணுக்களைத் தனியா எடுத்து வளர்த்து, அதுக்கு விஷப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த ரெண்டு பொருளையும் சேர்த்தபோது அணுக்கள் சேதமாவது குறைஞ்சது. அதாவது செடியில் சரக்கு இருக்குது. நம்ம பாட்டிமார் சும்மா புல்லைப் பறிச்சுக் கொடுக்கல.

அடுத்தது பி வைரஸ். இந்த வைரஸைக் கண்டுபிடிச்சவர் பரூக் பிளம்பெர்க் என்கிற அமெரிக்க விஞ்ஞானி. 1976இல் நோபல் பரிசு வாங்கினவர். அவர் பிறந்த நாளான ஜூலை 28ஐத்தான் உலகக் கல்லீரல் அழற்சி நாளாக வச்சிருக்காங்க. அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் மற்றவர்களும் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ஞ்சாங்க. உடம்பில் பி வைரஸ் நிரந்தரமா தங்கிவிட்ட ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பங்குக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தாங்க. இன்னொரு பங்குக்கு வெறும் மருந்து. முடிவு 1988இல் லான்செட் என்கிற பெரிய மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைஞ்சிருந்தது. வெறும் மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருத்தருக்குத்தான் மறைஞ்சது. பெரிசா பக்கவிளைவும் இல்லை. உலகமே திரும்பிப் பார்த்தது.

இதோட நிறுத்தியிருந்தா நான் இன்னைக்கு "அக்கா, பாக்கெட்டில் தாராளமா அச்சடிங்க" என்று சொல்லிட்டு இறங்கியிருப்பேன். ஆனா ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தருக்குக் கிடைச்சது அடுத்தவருக்கும் கிடைக்கணும். நம்ம குழுவில் ஒருத்தர் கணக்கு எழுதினாலும் இன்னொருத்தர் கூட்டிப் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுறோம்? அது மாதிரி. 1990இல் தாய்லாந்தில் இதே செடியை வைத்து இதே மாதிரி செய்துபார்த்தாங்க. அந்தப் பலன் கிடைக்கல. அதே லான்செட் இதழில்தான் அதுவும் வந்தது. 1994இல் நியூசிலாந்தில் செய்தாங்க. அங்கேயும் கிடைக்கல. செடி வளர்ந்த மண் வேற, பறிச்ச பருவம் வேற, செடி இனமே வேறயா இருக்கலாம் என்று பல விளக்கம் சொன்னாங்க. இருக்கலாம். நம்ம வரப்பிலேயே பச்சைத் தண்டு, சிவப்புத் தண்டு என்று கீழாநெல்லி மாதிரியே இருக்கிற செடி பல வகை இருக்குதே.

பிறகு 2011இல் காக்ரேன் என்கிற அமைப்பு, உலகம் முழுக்க நடந்த 16 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. மொத்தம் 1326 நோயாளிகள். நாள்பட்ட பி வைரஸ் உள்ளவங்களுக்குக் கீழாநெல்லி வகைச் செடிகளால் நன்மை என்று நம்பும்படியான ஆதாரம் கிடைக்கல என்று எழுதினாங்க. வைரஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தா கொஞ்சம் கூடுதல் பலன் இருக்கிற மாதிரி சில சோதனைகள் காட்டின. ஆனா அந்தச் சோதனைகள் சரியான முறையில் நடக்காததால் அதையும் நம்பிச் சொல்ல முடியாது என்றாங்க.

ஆக, நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சுருக்கமாச் சொன்னா: சோதனைச்சாலையில் எலியின் கல்லீரல் அணுவைக் கீழாநெல்லி காப்பாத்துது. மனுஷனுக்கு வந்த வியாதியைக் குணமாக்கும் என்று இன்னும் நிரூபணம் ஆகல. சித்த மருத்துவ டாக்டரும் இதை மறுக்கல. "நான் கீழாநெல்லி கொடுக்கிறேன்மா. ஆனா ரத்தப் பரிசோதனை பார்க்காம கொடுக்கிறதில்லை" என்றார்.

இது நம்ம ஊர் மருந்தை மட்டம் தட்டுற பேச்சு என்று யாரும் நினைச்சுக்க வேண்டாம். வெளிநாட்டுச் செடிக்கும் இதே கதைதான். சிலிமரின் என்று ஒரு கல்லீரல் மாத்திரை எழுதிக் கொடுப்பாங்க. ஐரோப்பாப் பக்கம் வளர்கிற ஒரு முட்செடி விதையிலிருந்து எடுக்கிறது. அதை அமெரிக்காவில் சி வைரஸ் உள்ள 154 பேருக்கு 24 வாரம் கொடுத்துச் சோதிச்சாங்க. 2012இல் முடிவு வந்தது. வெறும் மாத்திரையைவிட அது ஒண்ணும் கூடுதலாச் செய்யல. எந்த ஊர் மருந்தா இருந்தாலும் அளவுகோல் ஒண்ணுதான்.

இன்னொன்றும் சொல்லணும். "மூலிகைதானே, பலன் இல்லேன்னாலும் கெடுதல் இல்லையே" என்கிறோம். எல்லா மூலிகைக்கும் அப்படிச் சொல்ல முடியாது. கொரோனா நேரத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று நிறையப் பேர் சீந்தில் கொடியைக் கஷாயம் வச்சுக் குடிச்சாங்க. அப்படிக் குடிச்ச 6 பேருக்குக் கல்லீரல் பாதிச்சதாக மும்பை டாக்டர்கள் 2021இல் எழுதினாங்க. ஆயுஷ் அமைச்சகம் அதை ஏத்துக்கல. அதன்பிறகு பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இன்னும் 43 பேரைப் பற்றி எழுதினாங்க. கல்லீரலுக்குள் போகிற எதுவா இருந்தாலும் அளவும் ஆளும் பார்த்துத்தான் கொடுக்கணும் என்பதுக்காக இதைச் சொல்றேன்.

ஆனா கீழாநெல்லியில் நான் பயப்படுறது அந்தச் செடியைப் பார்த்து இல்லை. செடியை நம்பி நாம கடத்துற நாட்களைப் பார்த்துத்தான் பயப்படுறேன்.

நம்ம ஒன்றியத்தில் ஒரு தங்கச்சி. பேர் வேண்டாம். அவளே "சொல்லுங்கக்கா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்னதால் சொல்றேன். எட்டு மாசம் கர்ப்பம். கண் மஞ்சளாச்சு. வீட்டில் பெரியவங்க கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்து, உப்பு இல்லாம, எண்ணெய் இல்லாம பத்தியம் வச்சாங்க. ஒன்பது நாள். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு கஞ்சியும் மோருமா இருந்திருக்கா. பத்தாவது நாள் பேச்சு குழற ஆரம்பிச்சது, ஆளே அடையாளம் தெரியல. 108ஐக் கூப்பிட்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. தண்ணீரில் வருகிற இ வைரஸ். சாதாரண ஆளுக்கு அது வந்துட்டுப் போயிடும். கடைசி மூணு மாசத்தில் இருக்கிற கர்ப்பிணிக்கு அது எமன். நூற்றில் 20, 25 பேர்வரை இறந்துபோறாங்க. அவள் பிழைச்சா. பிள்ளை பிழைக்கல. முன்னாடியே கொண்டுவந்திருந்தா பிள்ளை பிழைச்சிருக்கும் என்று எந்த டாக்டரும் உறுதியாச் சொல்லல. ஆனா கையில் இருந்த ஒன்பது நாள் போயிடுச்சு. அந்த வீட்டில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யல. கொடுத்தது பாசத்தில்தான்.

இந்த இடத்தில் நான் நம்ம பாக்கெட்டை நினைச்சுப் பார்த்தேன். அந்த வீட்டு அடுப்படியில் நம்ம கூட்டமைப்புப் பேர் போட்ட பாக்கெட் இருந்து, அதில் "மஞ்சள் காமாலையைக் குணமாக்கும்" என்று அச்சடிச்சிருந்தா, அந்த ஒன்பது நாளுக்கு நாமும்தானே பொறுப்பு?

அதனால யாருக்கெல்லாம் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்று கேட்டு எழுதி வந்திருக்கேன். தயவுசெய்து மனசில் வச்சுக்குங்க.

கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானா அன்னைக்கே ஆஸ்பத்திரி. கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு உடனே போன் பண்ணுங்க.

பிறந்த குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிஞ்சாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காம தூங்கிக்கிட்டே இருந்தாலோ உடனே கொண்டுபோகணும். நீல விளக்கு வெளிச்சத்தில் வச்சுச் சரிபண்ணிடுவாங்க. விட்டா மூளையைப் பாதிக்கும். பச்சைப் பிள்ளை வாயில் எந்தச் சாறும் ஊத்தக்கூடாது.

மஞ்சளோடு வாந்தி நிக்காம இருந்தா, பேச்சு குழறினா, ராத்திரி முழிச்சிருந்து பகலில் தூங்கினா, பல் ஈறில் ரத்தம் வந்தா, கறுப்பா மலம் போனா, வயிறு வீங்கினா, அது கல்லீரல் கைவிடுற அறிகுறி. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய், உடம்பு அரிச்சா, பித்தக் குழாய் அடைப்பு இருக்கலாம். அதுக்கு ஸ்கேன் பார்க்கணும்.

அப்புறம் நம்ம வீட்டு ஆம்பளைங்க விஷயம். இதைப் பேசாம கல்லீரலைப் பற்றிப் பேசவே முடியாது. "ராத்திரி குடிச்சாலும் காலைல கீழாநெல்லி குடிச்சுடறேன், ஈரலைக் கழுவிடும்" என்று சொல்கிற ஆளுங்க எல்லா ஊரிலும் இருக்காங்க. அதை அரைச்சுக் கொடுக்கிறதும் நாமதான். அக்கா, ஈரலைக் கழுவுற மருந்து எதுவும் இல்லை. குடியை நிறுத்தினா ஓரளவு பாதிப்பு வரைக்கும் கல்லீரல் தானே தேறும், அதுக்கு அந்த சக்தி உண்டு. குடிச்சுக்கிட்டே எந்தச் செடியைச் சாப்பிட்டாலும் தேறாது. ஒண்ணு மட்டும் கவனம். தினமும் அதிகமாக் குடிக்கிற ஆள் திடீர்னு நிறுத்தினா வலிப்பு, பிதற்றல் வரலாம். அதனால டாக்டர் உதவியோட நிறுத்தணும்.

நல்ல செய்தியும் இருக்கு. பி வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கு, இலவசம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பிறகு 6, 10, 14ஆவது வாரங்களில் போடுகிற ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே இதுவும் சேர்ந்திருக்கு. பிறக்கும்போது தாய்கிட்டேர்ந்து வைரஸ் தொத்தின குழந்தைகளில் நூற்றில் 90 பேருக்கு அது ஆயுசுக்கும் தங்கிடும். பெரியவங்களுக்கு நேர்மாறு. அதனால்தான் அந்த முதல் நாள் ஊசிக்கு அவ்வளவு அவசரம். பேறுகால வார்டில் இருக்கும்போதே "முதல் நாள் மஞ்சள் காமாலை ஊசி போட்டாச்சா" என்று நம்ம குழுப் பெண்கள் கேட்கணும். கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில் பி வைரஸும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடக்குது. அதில் பி, சி ரெண்டுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சி வைரஸை 12 வார மாத்திரையிலேயே பெரும்பாலும் முழுசாக் குணப்படுத்திடலாம். பி வைரஸை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். இந்த வைரஸ் உள்ளவங்ககூட உட்கார்ந்து சாப்பிடறதாலோ, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சறதாலோ தொத்தாது. அதனால குழுவில் யாருக்காவது இருந்தா ஒதுக்காதீங்க. ஏ, இ வைரஸுக்கு வழி தண்ணீர்தான். மேல்நிலைத் தொட்டியைக் கழுவின தேதியும் குளோரின் போட்ட தேதியும் நம்ம கிராமசபையில் நாம கேட்கலாம். வீட்டில் கொதிக்கவச்சு ஆறவச்ச தண்ணீர் குடிக்கலாம்.

"இவ்வளவு சொல்லிட்டியே, அப்போ எங்க வருமானம்?" என்று முன் வரிசையில் இருக்கிற அக்கா பார்க்கிற பார்வையிலேயே தெரியுது. அதுக்கும் விசாரிச்சுட்டு வந்தேன். இன்ன வியாதியைக் குணமாக்கும் என்று எழுதி விற்கக்கூடாத வியாதிகளின் பட்டியல் அரசாங்க மருந்து விதிகளில் இருக்கு. மஞ்சள் காமாலையும் கல்லீரல் நோயும் அந்தப் பட்டியலில் உண்டு. உணவுப்பொருள் என்று சொல்லி விற்றாலும் வியாதி குணமாகும் என்று எழுத உணவுப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்காது. சித்த மருந்தாச் செய்யணும்னா அதுக்குத் தனி உரிமம் வேணும். அந்த ஒரு வரியால நம்ம மொத்தச் சரக்கும் பறிமுதல் ஆகலாம். கூட்டமைப்புப் பேரும் கெடும்.

வேற வழி இருக்கு. செடியை இனம் பார்த்துச் சுத்தமாப் பறிச்சு, நிழலில் காயவச்சு, மூலிகையாகவே உரிமம் பெற்ற சித்த மருந்து செய்கிறவங்களுக்குக் கொடுக்கலாம். டாம்ப்கால், இம்ப்காப்ஸ் மாதிரி மருந்து தயாரிக்கிற அமைப்புகள் சென்னையில் இருக்கு. வாங்குவாங்களா, என்ன தரத்தில் கேட்பாங்க என்று வட்டார அலுவலகம் மூலமாகக் கடிதம் எழுதிக் கேட்கலாம். லாபம் கொஞ்சம் குறையலாம். ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்.

கடைசியா, இந்தப் பொதுக்குழுவுக்கு முன்னால் மூணு விஷயத்தைத் தீர்மானமாக வைக்கிறேன். ஒண்ணு, நம்ம கூட்டமைப்பு விற்கிற எந்தப் பொருளிலும் வியாதியைக் குணமாக்கும் என்ற வரி இருக்கக்கூடாது. ரெண்டு, நம்ம குழு வீடுகளில் யாருக்குக் கண் மஞ்சளானாலும் முதல்ல ரத்தப் பரிசோதனை, கீழாநெல்லி கொடுக்கணும்னா அதுக்கப்புறம் டாக்டர்கிட்டச் சொல்லிட்டுக் கொடுக்கணும். மூணு, பரிசோதனைக்குப் போக வண்டிச் செலவுக்குக் காசு இல்லாத உறுப்பினருக்கு, அன்னைக்கே குழுவின் சேமிப்பிலிருந்து அவசரக் கடன் கொடுக்கணும், அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்க வைக்கக்கூடாது. மாமியாரைக் கேட்கணும், வீட்டுக்காரரைக் கேட்கணும் என்று நாள் தள்ளிப்போகிறதுக்குப் பாதிக் காரணம் கையில் காசு இல்லாததுதான். அந்தக் காசு நம்மகிட்ட இருக்கு. நாம சேர்த்த காசு.

இதில் மாற்றுக் கருத்து இருக்கிற அக்காமார் எழுந்து கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.